திரி: 2005 ஆக்டேவியா ஆர்எஸ் – இருபது வருஷ டர்போவை நம்பி பெங்களூர்ல எடுக்கலாமா?

#1 அல்சூர்_ஏரிக்கரை

வணக்கம் மக்களே. ஆறு மாசமா ஓரமா உட்கார்ந்து படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்குத்தான் வாயைத் திறக்குறேன்.

இந்திரா நகர்ல ஒரு பெரியவர்கிட்ட 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கு. 1.8 டர்போ பெட்ரோல், அஞ்சு கியர் மேனுவல், கேஏ-03 பதிவு, 1,38,000 கி.மீ. அவர் ரெண்டாவது ஓனர். மகனோட போய் இருக்கப் போறாராம், அதனால விக்கிறார். ஊர்ல அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "அந்தக் காசுக்குக் கொஞ்சம் போட்டா புதுசாவே ஒண்ணு வருமேடா"ன்னார். பதில் சொல்லத் தெரியலை.

ஆனா ஓட்டிப் பார்த்தேன். பழைய மெட்ராஸ் ரோட்ல மூணாவது கியர், 2000 ஆர்பிஎம். லேசா மிதிச்சதும் முதுகுக்குப் பின்னாடி யாரோ கை வெச்சுத் தள்ளுற மாதிரி போச்சு. சரியா 3000 தாண்டினதும் "உஸ்ஸ்ஸ்"னு ஒரு பெருமூச்சு. அதுக்கப்புறம் ஆட்டோ வேகம்தான். பெரியவர், "அது டர்போ சத்தம் தம்பி, அப்படித்தான் இருக்கும்"னார்.

அப்படித்தான் இருக்குமா?

#2 நாலாம்கியர்

எடுக்காதே. முதல்ல போட்டோ போடு. போட்டோ பார்த்துட்டு எடுக்கச் சொல்றேன்.

#3 பழைய_டீசல்

தம்பி, இதே ஆக்டேவியாவை 1.9 டிடிஐ டீசல்ல மூணு லட்சம் கி.மீ. ஓட்டினவன் பேசுறேன். 90 குதிரைதான். ஆனா கிருஷ்ணகிரி தாண்டி சேலம் வரைக்கும் அஞ்சாவது கியரை மாத்தினதே இல்லை. நீங்க சொல்ற ஆர்எஸ் 150 குதிரை, 210 நியூட்டன் மீட்டர். இன்னைக்கு அதே கம்பெனி ஸ்லாவியால 1.5 டிஎஸ்ஐ போட்டு அதே 150 குதிரையும் 250 நியூட்டன் மீட்டரும் தருது, வாரண்டியோட. 20 வருஷத்துக்கு முந்தின வண்டிக்கு எதுக்கு இந்தப் பூஜை? ஐரோப்பால வித்த ஆர்எஸ்ஸுக்கு 180 குதிரை. நமக்குக் கொடுத்தது 150. ஸ்டிக்கர் மட்டும் ஒண்ணு.

#4 விடெக்_பக்தன்

டீசல் அண்ணன் சொல்றதுல பாதி சரி. சிவிக் 2006-ல 1.8 லிட்டர்ல டர்போவே இல்லாம 130 குதிரை கொடுத்துச்சு. ஹோஸ் கிடையாது, சூடான காத்தை ஆத்துற இன்டர்கூலர் கிடையாது, "உஸ்"ஸும் கிடையாது.

#5 ஸ்பேனர்14

வில்சன் கார்டன் பக்கம் பட்டறை வெச்சிருக்கேன். ஜெர்மன் வண்டிதான் அதிகம் வரும். சாப்பிட்டு உட்கார்ந்து எழுதுறேன், கொஞ்சம் நீளும்.

டீசல் சார், 150-க்கும் 180-க்கும் நடுவுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா ஸ்டிக்கர்னு சொல்ல மாட்டீங்க. இந்த 1.8 டர்போ 1990-களின் நடுவுல ஆடி ஏ4-ல வந்த எஞ்சின். 1781 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். ஒரு சிலிண்டருக்கு அஞ்சு வால்வு: காத்து உள்ளே வர மூணு, புகை வெளியே போக ரெண்டு. இந்த ஒரே பிளாக்கை வெச்சு 150, 163, 180, 210, 225-ன்னு ஏத்திக்கிட்டே போய், 2005-ல ஆடி டிடி குவாட்ரோ ஸ்போர்ட்ல 240 வரைக்கும் எடுத்தாங்க. 240 தாங்குறதுக்குன்னு வளர்த்த குடும்பத்துல நமக்கு வந்தது 150 வேலை பார்க்கிற பிள்ளை. கல்யாண மண்டபத்து அடுப்புல ஒரு வீட்டுக்குச் சோறு வடிக்கிற கதை. அதனாலதான் 20 வருஷம் கழிச்சும் அந்தப் பிளாக் பேசுது. பிஸ்டனைத் தாங்குற ராட் மட்டும் கொஞ்சம் மெல்லிசு. பெரிய டர்போ போட்டுக் கீழ் ஆர்பிஎம்லயே மொத்த டார்க்கையும் (இழுவை) கொட்டினா முதல்ல வளையறது அதுதான். மத்ததெல்லாம் முரட்டு சாமான்.

டர்போன்னா, வெளியே போற புகையால சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புற சாமான். இதுல இருக்கிறது கேகேகே கம்பெனி கே03. உள்ளங்கைக்குள்ள அடங்குற சின்ன சக்கரம். சின்னதா இருக்கறதால சீக்கிரம் சுத்தும். 1750-லயே 210 நியூட்டன் மீட்டர் வந்துடும், 4600 வரைக்கும் மேசை மாதிரி மட்டமா நிக்கும். விடெக் தம்பி, சிவிக் 130 குதிரை கொடுக்குதுதான், ஆனா 6000-க்கு மேல போய்க் கேட்டாத்தான் கொடுக்கும். ரிங் ரோட்ல எந்த நேரத்துல 6000 போவீங்க?

அந்த மேசை எப்படி மட்டமா நிக்குதுங்கறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். டர்போவுக்குப் பக்கத்துல வேஸ்ட்கேட்னு ஒரு சின்னக் கதவு. பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) போதுமான அளவு வந்ததும் அது திறந்து, மீதிப் புகையை டர்பைன்ல படாம வெளியே விட்டுடும். எப்போ, எவ்வளவு திறக்கணும்னு என்75-ன்னு ஒரு சின்ன சோலனாய்டு வழியா கம்ப்யூட்டர் சொல்லும். அந்த என்75-ம், அதோட தீக்குச்சி கனத்து ரப்பர் குழாய்களும்தான் இந்த வண்டியோட நாடி. எஞ்சின் சாகாது. அதைச் சுத்தி இருக்கிற ரப்பர்தான் சாகும்.

அல்சூர் தம்பிக்கு: "அப்படித்தான் இருக்கும்"னு சொன்னா நம்பாதீங்க. நல்ல கே03 லேசா விசில் அடிக்கும். பெருமூச்சு விடாது. காத்து எங்கேயோ வெளியே போகுது.

#6 நாலாம்கியர்

"கல்யாண மண்டபத்து அடுப்புல" 😂 இதை என் கையெழுத்தா வெச்சுக்கப் போறேன்.

#7 அல்சூர்_ஏரிக்கரை

ஸ்பேனர் அண்ணா, ரொம்ப நன்றி. காத்து வெளியே போனா பவர் குறையும், புரியுது. ஆனா சைலன்சர்ல ஏன் கரி? விரலை வெச்சா மை மாதிரி ஒட்டுது.

#8 ஸ்பேனர்14

நல்லாக் கவனிச்சிருக்கீங்க. ஏர் ஃபில்டரை ஒட்டி மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார்னு ஒண்ணு இருக்கும். எவ்வளவு காத்து உள்ளே போச்சுன்னு எண்ணுற டோல் கேட் மாதிரி. அதைத் தாண்டித்தான் டர்போ, ஹோஸ், இன்டர்கூலர் எல்லாம். நூறு வண்டி உள்ளே போச்சுன்னு டோல் கேட் கணக்கு எழுதிடுச்சு. நடுவுல இருபது வண்டி சந்துல புகுந்து போயிடுச்சு. எஞ்சினுக்கு வந்தது எண்பது, பெட்ரோல் மட்டும் நூறுக்கு ஊத்துது. மிச்சம் எரியாம கரியா வருது. கரியும் பெருமூச்சும் சேர்ந்து வந்தா லீக்தான். கரி இல்லாம பெருமூச்சு மட்டும்னா, டைவர்ட்டர் வால்வோட (காலை எடுத்ததும் மீதி பூஸ்டைத் திருப்பி விடுறது) சவ்வு கிழிஞ்சிருக்கும். ரெண்டும் பெரிய செலவு இல்லை.

ஞாயித்துக்கிழமை பெரியவர் வீட்டுக்கு வர்றேன். ஒரு காபி போதும்.

#9 தாம்பரம்_டு_டொம்லூர்

நடுவுல புகுந்துட்டேன், மன்னிக்கணும். மாசம் ரெண்டு தடவை சென்னை போய் வர்றவன். என் பழைய 1.3 பெட்ரோல் (டர்போ இல்லை) ஸ்ரீபெரும்புதூர்ல துள்ளும். ஒசூர் தாண்டி மேலே வந்ததும் கோவில் மாடு மாதிரி நிக்கும். வாடகைக்கு எடுத்த டர்போ வண்டில அந்த வித்தியாசமே தெரியலை. மனப்பிரமையா?

#10 ஸ்பேனர்14

பிரமை இல்லை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு. இங்கே காத்தழுத்தம் சென்னையை விடச் சுமார் பத்துல ஒரு பங்கு கம்மி. டர்போ இல்லாத எஞ்சின் வாயைத் திறந்து என்ன கிடைக்குதோ அதைத்தான் குடிக்கும். அதனால பத்துக்கு ஒண்ணு பவர் காலி. டர்போ வண்டில கம்ப்யூட்டர் "எனக்கு இவ்வளவு காத்து வேணும்"னு இலக்கு வெச்சிருக்கும். குறைஞ்சா வேஸ்ட்கேட்டைக் கொஞ்ச நேரம் கூட மூடியே வெச்சு, டர்போவை இன்னும் வேகமாச் சுத்த விட்டு ஈடுகட்டிடும். 2004-ல இந்த ஊர்ல ஆர்எஸ் ஓட்டினவங்க ஏன் அப்படிக் கிறுக்குப் பிடிச்சுத் திரிஞ்சாங்கன்னா, பக்கத்துல நின்ன எல்லா வண்டியும் மூச்சு வாங்கும்போது இது மட்டும் வாங்கலை.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. டர்போ அதிகம் உழைக்கும், காத்து அதிகம் சூடாகும். இன்டர்கூலர் வேற சின்னது, வலது முன் சக்கரத்துக்கு முன்னாடி பம்பருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். சில்க் போர்டு சிக்னல்ல இருபது நிமிஷம் நின்னா அது இன்டர்கூலர் இல்லை, இட்லிப் பானை. அதனாலதான் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முன்னாடி ரேடியேட்டருக்குப் பக்கத்துல பெரிய இன்டர்கூலர் மாத்துறாங்க.

#11 பழைய_டீசல்

சரி, கே03, என்75-ன்னு மந்திரம் ஓதுறீங்க. நானும் ஒரு உண்மை சொல்றேன். என் டீசலுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் 1.8 டர்போ வெச்சிருந்தேன். இங்கே இதுவரைக்கும் சொன்னதில்லை, வெட்கம். ஃபுல் சிந்தெடிக் ஆயில் விலையைப் பார்த்துட்டு, பக்கத்து லாரி செட்ல டிரம்மில் இருந்த சாதா ஆயிலை ஊத்தினேன். அதுவும் 15,000 கி.மீ.க்கு ஒரு தடவை. ஒருநாள் ஆயில் விளக்கு எரிஞ்சுது. அடியில ஆயில் தேங்குற சம்பைக் கழட்டி, ஆயிலை வடிகட்டுற ஸ்ட்ரெய்னரைக் கையில் கொடுத்தாங்க. தீஞ்ச தோசைக்கல்லைச் சுரண்டின மாதிரி கருப்புப் பொருக்கு, சல்லடைக் கண் ஒண்ணுகூடத் தெரியலை. டர்போ தண்டு கையில ஆடுச்சு. வண்டி மேல தப்பு இல்லை, என் மேலதான்.

#12 ஸ்பேனர்14

டீசல் சார், இதை எழுதினதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. நூறு பேரைக் காப்பாத்தும். டர்போ தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துறது, தாங்குறது வெறும் எண்ணெய்ப் படலம். எஞ்சினை அணைச்சதும் அந்த எண்ணெய் நிக்கும், டர்போ மட்டும் அனலா இருக்கும். மட்டமான ஆயில் அங்கேயே கருகி உறையும். டப்பாவுல 5டபிள்யூ-40, ஃபோக்ஸ்வாகன் 502 00 தரம்னு எழுதியிருக்கணும், 7,500 கி.மீ.க்கு ஒரு தடவை. யானை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதீங்க. நைஸ் ரோட்ல விரட்டிட்டு வந்தா, அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க.

#13 மெக்கானிக்கல்_2009

ஆர்எஸ்னா என்னன்னு யாரும் சொல்லலையே. ராலி ஸ்போர்ட். ஸ்கோடா 130 ஆர்எஸ்னு 1970-கள்ல பின்பக்க எஞ்சின் ராலி கார் ஒண்ணு. 1977 மான்டே கார்லோல தன் வகுப்புல ஜெயிச்சுது. 1991-ல ஃபோக்ஸ்வாகன் உள்ளே வந்தப்புறம் அந்தப் பேரை ஆக்டேவியாவுக்கு 2000-ல எடுத்து ஒட்டினாங்க. அதே சமயத்துல ஆக்டேவியா உலக ராலில ஓடுச்சு. பெரிய வெற்றி இல்லை. ஆனா 2001 சஃபாரி ராலில ஆர்மின் ஷ்வார்ஸ் மூணாவது இடம். கென்யாவோட கல்லும் புழுதியும் பார்த்தவங்களுக்குத் தெரியும் அது சும்மா இல்லைன்னு.

அப்புறம் அந்த அஞ்சு வால்வு. அது இந்தத் தலைமுறையோட முடிஞ்சு போச்சு. அடுத்து வந்த 2.0 டர்போவுல பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கிற முறை வந்தது. அந்த இன்ஜெக்டருக்கு ஹெட்ல இடம் வேணுமே, நாலு வால்வுக்குத் திரும்பிட்டாங்க. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, நம்ம பழைய 1.8-ல பெட்ரோல் வால்வுக்கு முன்னாடியே தெளிக்கப்படும், அது வால்வோட முதுகைக் கழுவிக்கிட்டே இருக்கும். புதுசுகள்ல அந்தக் குளியல் இல்லை, அதனால வால்வுல கரி படியும். அறிவாளியான பேரன் பல் தேய்க்க மாட்டேங்கிற மாதிரி.

#14 விடெக்_பக்தன்

அப்போ 2011 லாரா ஆர்எஸ்? 160 குதிரை, 250 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். அது புதுசும் கூட.

#15 மெக்கானிக்கல்_2009

நல்ல வண்டி. ஆனா சாதா லாரா 1.8 டிஎஸ்ஐல இருந்த அதே எஞ்சின், அதே பவர். உடைதான் ஆர்எஸ். உண்மையான வாரிசுன்னா 2017-ல வந்த ஆர்எஸ் 230. 2.0 லிட்டர், 230 குதிரை, 350 நியூட்டன் மீட்டர். கொண்டு வந்த 500-ம் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள போச்சு. 2020-ல 245 குதிரையில 200 வண்டி, 36 லட்சத்தை ஒட்டி. அதுவும் தீர்ந்துச்சு. ஆனா ரெண்டுலயும் கிளட்ச் மிதி கிடையாது, தானா கியர் மாத்துற டிஎஸ்ஜி மட்டும்தான். என்னைக் கேட்டா, இடது காலுக்கு வேலை இல்லாத ஆர்எஸ் பாதி ஆர்எஸ்தான். திட்டுறவங்க திட்டிக்கலாம்.

#16 நாலாம்கியர்

திட்டுறேன். 230-ஐ ஒரு தடவை ஓட்டிட்டு வந்து பேசுங்க.

#17 அல்சூர்_ஏரிக்கரை

ஞாயித்துக்கிழமை கதை. ஸ்பேனர் அண்ணன் காலை ஏழரைக்கே வந்துட்டார். கையில ஸ்கேனர் இருக்கும்னு பார்த்தேன். சிவாஜி நகர் ஹார்டுவேர் கடைல வாங்கின பிவிசி குழாய் மூடி ஒண்ணு இருந்துச்சு. நடுவுல ஓட்டை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வைச் சொருகி வெச்சிருந்தார். அவ்வளவுதான் கருவி.

வண்டியைத் தெருமுனை பஞ்சர் கடைக்கு எடுத்துட்டுப் போனோம். ஏர் ஃபில்டர் பக்கம் குழாயைக் கழட்டி, டர்போவுக்குப் போற வாய்ல அந்த மூடியைச் சொருகி கிளாம்ப் இறுக்கினார். "சேட்டா, மெதுவா பத்து பவுண்டு, அதுக்கு மேல வேண்டாம்". சேட்டன் டயர் தேடினார். எஞ்சினுக்குக் காத்து அடிக்கணும்னு சொன்னதும் எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

காத்து ஏறினதும் எஞ்சின் அணைஞ்சிருக்கும்போதே அதே "உஸ்ஸ்". சோப்புத் தண்ணியைத் தெளிச்சுக்கிட்டே வந்தோம். மேல எங்கேயும் குமிழி இல்லை. வலது சக்கரத்தைத் திருப்பி உள் மட்கார்டைக் கழட்டிப் பார்த்தா, இன்டர்கூலருக்குப் போற ஹோஸ் வளைவுல, அடிப்பக்கமா, கறுப்பு டேப். பிரிச்சா அதுக்குள்ள சைக்கிள் டியூப். அதையும் பிரிச்சா என் சுண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். பழைய பில் எல்லாம் பெரியவர் ஒரு கோப்புல அடுக்கி வெச்சிருந்தார். ஏதோ ஒரு பட்டறையில "டர்போ ஹோஸ் புதுசு"ன்னு காசு வாங்கியிருக்காங்க. பெரியவர் அந்த சைக்கிள் டியூபைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். "ரெண்டு வருஷமா இதை டர்போ சத்தம்னு ரசிச்சிருக்கேன்"னார்.

இன்னொண்ணு: எஞ்சின்ல இருந்து எண்ணெய்ப் புகையைத் திருப்பி எடுத்துட்டுப் போற சின்ன ரப்பர் குழாய்கள் களி மாதிரி ஆயிருச்சு. கையில பிடிச்சா விரல் தடம் விழுது. அதெல்லாம் மாத்தணும். நல்ல செய்தியும் உண்டு. ஆயில் மூடிக்குக் கீழே பார்த்தா உலோகம் பளபளன்னு தேன் நிறத்துல இருக்கு, பொருக்கே இல்லை. பெரியவர் ஆயில்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணலை.

#18 ஸ்பேனர்14

அவர் சொல்லாம விட்டது: டைமிங் பெல்ட் எப்போ மாத்தினதுன்னு கோப்புல பில் இல்லை. இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வை இடிக்கும், இருபது வால்வும் போகும். பில் இல்லைன்னா மாத்தலைன்னுதான் அர்த்தம். வண்டியை எடுத்தா வீட்டுக்குப் போற வழியில நேரா என்கிட்ட வரணும். அப்போவே வாட்டர் பம்பும் மாத்திடணும். சில பம்ப்ல உள்ளே பிளாஸ்டிக் இறக்கை, தண்டுல இருந்து கழண்டு சும்மா நிக்கும். உலோக இறக்கை பார்த்து வாங்கணும். பெல்ட் கிட் ஜேசி ரோட்ல கேட்டுப் பார்த்தேன், ரெண்டு நாள்ல வரும்.

#19 தாம்பரம்_டு_டொம்லூர்

இ20 பத்தி யாருமே பேசலை?

#20 மெக்கானிக்கல்_2009

பேசுவோம். பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால். ஆக்டேன் கூடும், டர்போவுக்கு அது நல்லது, நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிறது) குறையும். ஆனா எத்தனால்ல லிட்டருக்கு சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் விழும். நிஜமான கவலை 2005-ன் ரப்பரும் சீலும். அது எத்தனாலுக்குன்னு செஞ்சது இல்லை. பெட்ரோல் லைன் ஹோஸை எத்தனால் தாங்குற ரகத்துல மாத்திட்டு, வருஷம் ஒரு தடவை மோந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். வண்டியை மாசக்கணக்குல டேங்க்ல பெட்ரோலோட நிறுத்தி வெச்சாத்தான் பெரிய தொல்லை, ஈரத்தை இழுக்கும்.

#21 நாலாம்கியர்

டெல்லில பத்தாயிரம் கி.மீ. ஓடின இதே வண்டி பாதி விலைக்கு வருதுன்னு ஒரு புரோக்கர் அனுப்பினான். அங்கே இவ்வளவு பழைய பெட்ரோல் வண்டிக்குக் கட்டுப்பாடு அதிகம், அதான் தள்ளுறாங்க.

#22 பழைய_டீசல்

20 வருஷத்துல பத்தாயிரமா? மீட்டர் ஒரு சுத்து சுத்தி வந்திருக்கும். அதோட அங்கேருந்து என்ஓசி, இங்கே மறுபடி வரி, பதிவுன்னு ஆர்டிஓ படி ஏறி இறங்கணும். கேஏ-03, கோப்போட, ஒரே ஊர்ல இருந்த வண்டி. விலை கூட இருந்தாலும் பெரியவர் வண்டியே மேல். (நானா இதைச் சொல்றேன்?) ஆர்சி 15 வருஷத்துக்கு அப்புறம் புதுப்பிச்சிருக்காரான்னு மட்டும் பாருங்க தம்பி.

#23 அல்சூர்_ஏரிக்கரை

புதுப்பிச்சிருக்கார். எஃப்சியும் இருக்கு, பசுமை வரியும் கட்டியிருக்கார்.

எடுத்துட்டேன். பெல்ட், பம்ப், ஹோஸ், சின்னக் குழாய்கள், ஆயில் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பெரியவர்கிட்ட நீட்டினேன். பேரமே பேசாம அவ்வளவையும் விலையில குறைச்சார். அந்த சைக்கிள் டியூபை மட்டும் தாங்கன்னு கேட்டார். எதுக்குன்னு கேட்கலை.

நேத்து ராத்திரி வேலை முடிஞ்சு ஸ்பேனர் அண்ணன் பட்டறைல இருந்து எடுத்தேன். அதே பழைய மெட்ராஸ் ரோடு, அதே மூணாவது கியர். 3000 தாண்டிச்சு. பெருமூச்சு இல்லை. ஜன்னலை இறக்கினா தூரத்துல குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வருமே, அது மட்டும். 4500 வரைக்கும் அந்தத் தள்ளல் குறையவே இல்லை. கே.ஆர். புரம் தொங்கு பாலம் வரைக்கும் போயிட்டேன், போக வேண்டிய இடம் அல்சூர்.

அப்பாவை அடுத்த வாரம் தர்மபுரில இருந்து இதுலதான் கூட்டிட்டு வரணும். டிக்கி 528 லிட்டர், அம்மா கொடுக்கிற புளி, அரிசி எல்லாம் அடங்கும். ஒரு சந்தேகம்: காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் எஞ்சின் இடது கோடியில ரெண்டு செகண்டு "கடகட"ன்னு ஒரு சத்தம், அப்புறம் நின்னுடுது. இதையும் ரசிக்கலாமா?

#24 ஸ்பேனர்14

ரசிக்காதீங்க. பெல்ட், வால்வுகளைத் திறக்கிற ரெண்டு கேம்ஷாஃப்ட்ல ஒண்ணைத்தான் சுத்தும், மறுகோடியில சின்ன செயின் ஒண்ணு அதையும் அடுத்த கேமையும் இணைக்கும். அந்த செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்ல ராத்திரி எண்ணெய் வடிஞ்சா இப்படித்தான் கத்தும். ரெண்டு செகண்டுன்னா பயம் இல்லை, அஞ்சு ஆனா வாங்க. தர்மபுரி போயிட்டு வந்து காட்டுங்க. தொப்பூர் மலைப்பாதை பக்கம் போக வேண்டாம்னு சொன்னா கேட்பீங்களா?

#25 அல்சூர்_ஏரிக்கரை

தர்மபுரிக்கு அப்புறம் தொப்பூர் எவ்வளவு தூரம் அண்ணா?

#26 நாலாம்கியர்

போட்டோ இன்னும் வரலை.